கொக்கிரகுளத்தில் ஒரு புள்ளி

முகவரி பிடிபடாத எல்லோரையும்
எங்கள் மென்பொருள்
ஒரே இடத்தில் நிறுத்திவைக்கும்.
வரைபடத்தைப் பெரிதாக்கினால்
அந்தப் புள்ளி
கொக்கிரகுளம் பாலத்துக்குக் கீழே
நட்டாற்றில் விழும்.

நேற்றைய கணக்குப்படி
ஒன்பதாயிரத்து நானூறு பேர்
இடுப்பளவுத் தண்ணீரில் நின்று
மிக்ஸி பார்த்திருக்கிறார்கள்.
சிலர் கட்டில். ஒருவர்
நாய்க்கு ஏதோ சட்டை.

சமாதானபுரத்தில்
ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடி.
ஏழு கம்ப்யூட்டர், ஆறு நாற்காலி.
யார் போட்ட லிங்க் வழியே யார் வந்தார்,
வந்தவர் வாங்கினாரா,
கமிஷன் எவருக்கு என்று
ஒவ்வொரு விரலுக்கும் வால் ஒட்டுவது மென்பொருள்.
கள்ள கிளிக்கைப் பிடித்துக் கொடுப்பது நான்.

வெள்ளிக்கிழமை சிவப்பாகி வந்தது
பார்ட்னர் எண் 7719.
கொம்பையா, சேரன்மகாதேவி.
தூண்டில், நரம்பு, வலை என்று
விளக்கி வீடியோ போடுகிறவர்.
அவருடைய ஒரே லிங்கை
ஒரே போனிலிருந்து
நாற்பத்தோரு முறை திறந்திருக்கிறார்கள்,
எப்போதும் நள்ளிரவு ஒன்றரைக்கு மேல்.
வாங்கவில்லை.
பொருள்: காற்றடைக்கும் ரப்பர் படகு.
நாலு பேர் உட்காரலாம்.
துடுப்பு இரண்டு, பம்பு இலவசம்,
ஏழாயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றொன்பது.

'இயந்திரம்' என்றது மென்பொருள்.
எண்பத்தெட்டு சதவீதம் நிச்சயமாம்.
மனிதர் இப்படிப் பார்ப்பதில்லையாம்.

"இயந்திரத்துக்கு எதுக்குட்டி படகு?"
என்றாள் பக்கத்து நாற்காலி மைமூன்,
முறுக்கைக் கடித்துக்கொண்டே.

தேதிகளை மட்டும் ஒரு தாளில் எழுதினேன்.
அக்டோபர் இருபத்திரண்டு.
நவம்பர் மூன்று, நான்கு.
நடுவில் பத்து நாள் ஒன்றுமில்லை.
அப்புறம் விடாமல் ஐந்து ராத்திரி.

இந்தத் தேதிகள் எனக்குத் தெரியும்.
பாபநாசத்தில் திறந்துவிட்டதாக
ஆட்டோவில் மைக் கட்டிச்
சொல்லிப்போன இரவுகள்.
நானும் எழுந்து
சமையலறைச் சாக்கடை ஓட்டையில்
டார்ச் அடித்துப் பார்த்தவை.
அந்த வெள்ளத்தின் கோடு
எங்கள் வீட்டு ஃபிரிட்ஜுக்கு மேலே
இரண்டு முறை பெயின்ட் அடித்தும்
பழுப்பாகத் தெரிகிறது.

'மனிதர்' பெட்டியில் டிக் போட்டேன்.
காரணம் எழுத இருபது எழுத்துக்கு இடம்.
'ஆற்றோர வீடு' என்று எழுதினேன்.
புனேயிலிருந்து மேலாளர் கேட்டார்,
இது எந்த வகைக் காரணம் என்று.
பட்டியலில் இல்லாத வகை என்றேன்.

படகை வாங்கிவிட்டார்கள்.
டிசம்பர் பதினொன்று, அதிகாலை இரண்டு பத்து.
பணம் கட்டும் பக்கத்தில்
கூப்பன் தேடித் தரட்டுமா என்று
ஒரு எக்ஸ்டென்ஷன் எட்டிப் பார்த்து,
கூப்பன் ஏதுமில்லை என்று சொல்லி,
தன் வாலை ஒட்டிவிட்டுப் போயிருக்கிறது.
கடைசியாகத் தொட்டவருக்கே கமிஷன். விதி அது.
நாலு சதவீதம்:
இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய்
தொண்ணூற்றாறு பைசா.

கொம்பையா போனில் கத்தவில்லை.
"மேடம், ரெண்டு மாசமா
தலையில சுமந்தவன் நான்.
எறக்கி வைக்கையில கை குடுத்தவனுக்கா கூலி?
எந்த ஊரு நியாயம் சொல்லுதீய?"
விதிமுறை ஆறு, உட்பிரிவு மூன்று
என்று ஆரம்பித்தேன்.
"அது கிடக்கட்டும்.
வாங்கினது யாரு?
பம்பு அடிக்கத் தெரியுமா அவியளுக்கு?
வால்வ வலது பக்கம் திருகணும்,
வீடியோல சொல்ல விட்டுட்டேன்."

எங்களுக்குப் பெயர் வராது.
போன் எண் வராது, கதவு எண் வராது.
பதினாறு இலக்கச் சாதன எண் ஒன்று,
அதற்கு நேரே
ஆற்றுக்குள் அந்தப் புள்ளி.

படகு போய்ச் சேர்ந்த பிறகும்
நேற்று இரவு இரண்டு மணிக்கு
அதே போன் திரும்ப வந்திருக்கிறது.
சாயங்காலமே மழை பிடித்திருந்தது.
இந்த முறை பார்த்தது
நாய்க்கு மிதவைச் சட்டை.
நடுத்தர அளவு.