ஒரு வயதும் பதினோரு நாளும்

கலெக்டர் ஆபீஸ் இரண்டாம் மாடியில்
மின்விசிறிக்கு நேர் கீழே கிடக்கும் பெஞ்சில்
இடம் கிடைத்தால் அன்றைக்கு வேலை நடக்காது.
இது நானே கண்டுபிடித்த சாத்திரம்.
இன்று இடம் கிடைத்துவிட்டது.

மடியில் நீலக் கோப்பு.
கோப்பின்மேல் மகள் தலை. தூங்குகிறாள்.
வாயோரம் வழிவது பிறப்புச் சான்றில் படாமலிருக்கத்
துப்பட்டா முனையைக் கொடுத்திருக்கிறேன்.

சோஹாரில் பிறந்தாள்.
எழுதியவர் வலமிருந்து இடமாக எழுதினார்.
அப்பா பேர்?
முனிரத்தினம்.
அவர் காதில் முதலில் முனீர் விழுந்தது,
கொஞ்சம் பின்னால் ரத்னம் விழுந்தது.
முனீரின் அப்பா? அவருக்கு அப்பா?
ஓர் எழுத்தில் இனிஷியலாக முடியும் எங்கள் வம்சத்தை
மூன்று தலைமுறைக்கு நீட்டிக்கொண்டார்.
ஆக என் மகளுக்கு
முனீர் ரத்னம் என்றொரு தகப்பன் இருக்கிறார்.
அவருக்கு நான் கழுத்தை நீட்டவில்லை.
இருபது ரூபாய்ப் பத்திரத்தில் சத்தியம் செய்து
நோட்டரி முன்னால் இரண்டு பேரையும் ஒருவராக்கினேன்.

அது சின்னச் சிக்கல்.

ஒரு வருஷத்துக்குள் மஸ்கட் போய்த்
தூதரகத்தில் பிள்ளையைப் பதிந்திருக்க வேண்டுமாம்.
தெரியாது.
தெரியாது என்பது பொய். பாதி தெரியும்.
கிரேன் ஓட்டுகிறவருக்கு லீவு இல்லை,
பாஸ்போர்ட் கம்பெனி அலமாரியில்.
அடுத்த மாசம் பாத்துக்கலாம் விடு என்றார்.
விட்டேன்.

கடைசி நாள் என்னம்மா செய்தீர்கள் என்று
செக்‌ஷன் கிளார்க் மாதையன் கேட்டார்.
கேக் வெட்டினோம் சார்.
அன்றுதானே அவளுக்கு முதல் பிறந்தநாள்.

பதினோரு நாள் கழித்துப் போய் நின்றோம்.
கவுண்டரில் இருந்தவர் மலையாளி. நல்லவர்.
தேதியை விரல்விட்டு எண்ணினார்.
மறுபடி எண்ணினார்.
எங்களுக்காக ஒரு தரம்
குறைத்தும் எண்ணிப் பார்த்தார்.

அந்த ஊர்க் கடையில் மாங்கூழ் டப்பா விற்கும்.
திருப்பினால் அடியில் பொடி எழுத்தில்
கிருஷ்ணகிரி மாவட்டம் என்றிருக்கும்.
அதைத்தான் ஸ்பூனால் ஊட்டினேன்.
டப்பாவுக்கு ஊர் இருந்தது.

ஒரே ஒரு தடவை செல்லும் ஒற்றைத் தாளில்
அவளைக் கூட்டிவந்தேன்.
இப்போது வீடு லண்டன்பேட்டையில்.
விலாசம் சரிபார்க்க டெல்லியிலிருந்து கூப்பிட்ட பெண்
லண்டன் என்றதும் இந்தியில் சொன்னாள்:
அப்படியானால் அந்த ஊர்த் தூதரகத்துக்கு எழுதுங்கள்.
பஸ் நிலையத்திலிருந்து ஆட்டோவில்
கொஞ்ச தூரம்தான் மேடம் என்றேன்.
லைன் துண்டானது.

தனிப்பிரிவு ஏட்டு விசாரணைக்கு வந்தார்.
டீ குடித்தார். எதிர்வீட்டில் கேட்டார்.
குனிந்து அவளிடமும் கேட்டார்:
பாப்பா, நீ எந்த நாடு?
ரெண்டாம் வகுப்பு பி, என்றாள்.
ஏட்டு எதையோ எழுதிக்கொண்டார்.

அவர் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருகிறார்.
எங்களால் போக முடியாது.
ஏர்போர்ட்டில் டாட்டா காட்டும்போது
கண்ணாடிக்கு எந்தப் பக்கம் உள்ளே என்று
எனக்குக் குழம்பிவிடும்.

பேர் கூப்பிட்டார்கள்.
எழுப்பி முகம் துடைத்து நிறுத்தினேன்.
மைனர் கையெழுத்துக்கு ஒரு கட்டம்.
தீப்பெட்டியளவு.
நாக்கை நீட்டிக்கொண்டு, குண்டு குண்டாக,
நறுமுகை என்று எழுதினாள்.
நறுமு உள்ளே இருந்தது.
கை மட்டும் கோட்டுக்கு வெளியே.

கட்டத்தைத் தாண்டக் கூடாதும்மா என்றார் மாதையன்,
என்னைப் பார்க்காமல்.
வேறு படிவம் தேடினார். மேஜையில் இல்லை.
பீரோவில் இல்லை.
கீழே ஜெராக்ஸ் கடைக்குப் போகச் சொன்னார்.
பக்கம் இரண்டு ரூபாய், பன்னிரண்டு பக்கம்.
சில்லறை இல்லாததற்கு ஒரு மிட்டாய்.

திரும்பி வந்தபோது மின்விசிறிப் பெஞ்சில்
வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.
மாதையன் தன் பேனாவையே கொடுத்தார்,
முனை மெலிசானது.
மிட்டாயை ஒரு கன்னத்துக்குத் தள்ளிவிட்டு
நின்றபடியே
சின்னதாக
எழுதத் தொடங்குகிறாள்.