ஒற்றைப்படைச் சனிக்கிழமைகள்

வீடு ஹால்வருக்கு. டிரக் எனக்கு.
பதினாறு அடி அலுமினியப் படகை மட்டும்
இரண்டாக அறுக்க முடியவில்லை.
இரட்டைப்படைத் தேதிச் சனிக்கிழமைகள் அவனுக்கு,
ஒற்றைப்படை எனக்கு என்று
போர்ட் ஏஞ்சலஸ் வக்கீல் தட்டச்சு செய்து கொடுத்தார்.
முப்பத்தொன்றுக்குப் பின் ஏழு வருமே,
தொடர்ந்து இரண்டு வாரம் அவளுக்கா என்று
ஒரு சண்டை. அதற்குத் தனியாக இருநூறு டாலர்.

வலையைப் பற்றி யாரும் எழுதவில்லை.
நீளக் கைப்பிடி, கறுப்பு ரப்பர் கண்ணிகள்.
அது அவன் கொட்டகையில் தங்கிவிட்டது.
இந்தக் கோடையில் தனியாகப் போய்
நான் கரை சேர்த்த மீன்கள் மூன்று.
படகின் விளிம்புவரை வந்து
கைக்கு ஒரு முழம் தள்ளி
தலையை ஓர் உதறு உதறிவிட்டுப் போனவை
அதைவிட அதிகம். கணக்குச் சொல்ல மாட்டேன்.

ஆகஸ்ட் முப்பத்தொன்று, விடியற்காலை ஐந்து.
ஸீக்யூ படகுத்துறையில் அப்படியொரு மூட்டம்,
விளக்குக் கம்பம் இடுப்புவரைதான் தெரிந்தது.
அதனடியில் அவன், வலையோடு.
"இது படகோடு சேர்ந்தது, வெர்னா" என்றான்.
"ஒற்றைக்கையால் பிடிக்க முடியாதே" என்றேன்.
நான் சொன்னது வலையைப் பற்றித்தான்.
அவன் ஏறி உட்கார்ந்தான்.
படகு அவன் பக்கம் சாய்ந்தது,
எப்போதும் சாய்கிற அதே அளவு.

எஞ்சின் சத்தத்தில் பேச வேண்டியதில்லை, அது ஒரு வசதி.
நான் ஹெர்ரிங்கின் தலையைச் சாய்வாக அறுத்தேன்,
அடிபட்ட மீன்போல் அது சுழல வேண்டும்.
அவன் ஈயக்குண்டைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான்.
அறுபது அடி என்றேன்.
எண்பது என்றான்.
எழுபதில் நிறுத்தினோம்.
இருபத்தாறு வருஷத்தில்
இந்த எழுபது ஒருநாளும் வாய்த்ததில்லை.

மூட்டத்துக்குள் எங்கோ ஒரு சரக்குக் கப்பல்
இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஊதியது.
எந்தப் பக்கம் என்று
இருவரும் ஒரே நேரத்தில் வெவ்வேறு திசையில் கை காட்டினோம்.

கோலின் நுனி இரண்டு தட்டுத் தட்டியது.
பிறகு துள்ளி நிமிர்ந்தது. ரீல் கூவியது.
முன்பென்றால் கத்துவான்:
கோலைத் தூக்கு, விடு, ஐயோ இழு!
இன்று வாயைத் திறக்காமல்
வலையைத் தண்ணீருக்கு மேல் ஏந்தியிருந்தான்.
கோஹோ. எட்டுப் பவுண்டு தேறும்.
பக்கவாட்டில் சாய்ந்து, மூச்சு வாங்கி, வந்தது.
அவன் குனிந்து பார்த்தான்.
"இருக்கிறது" என்றான்.

முதுகில், வாலுக்குச் சற்று முன்னே,
கட்டைவிரல் நகத்தளவு சதைத் துடுப்பு.
பண்ணையில் பொரித்த குஞ்சுக்கு
அதைக் கத்தரித்துத்தான் ஆற்றில் விடுவார்கள்.
வெட்டுப்பட்டதுதான் வீட்டுக்கு.
முழுசாக இருப்பதைப்
படகுக்குள் தூக்கவும் கூடாது.

கொக்கியில் எதிர்முள் கிடையாது. இடுக்கியால் ஒரு திருகு.
மீன் உடனே போகவில்லை.
எங்கள் இரண்டு முகங்களுக்கும் கீழே
செவுளைத் திறந்து மூடிக்கொண்டு
கொஞ்ச நேரம் நின்றது.
அப்புறம் வெறும் தண்ணீர்.

பிறகு கிடைத்தது ஒரு சிறு சுறா,
கொஞ்சம் கடற்பாசி, ஒரு தலைவலி.
பதினொன்றுக்கு மூட்டம் விலகியது.
எதிர்க்கரையில் கனடா மலைகள்
காலையிலிருந்தே அங்கே இருந்ததுபோல் நின்றன.
பிளாஸ்க் மூடி ஒன்றுதான் இருந்தது.
அவன் குடித்துவிட்டுத் தந்ததை
துடைக்காமல் குடித்தேன். யோசித்துத்தான்.

துறையில் இறங்கியதும் வலையை உதறினான்.
உதற ஒன்றுமில்லை. காலையில் கொண்டுவந்தபோது இருந்ததுபோலவே
காய்ந்து கிடந்தது.
அதை மறுபடி
தன் பழைய சுபாருவின் பின்னால் திணித்துக்கொண்டான்,
கைப்பிடி ஜன்னல் வழியே நீட்டிக்கொண்டிருந்தது.
நான் படகை ட்ரெய்லரில் கட்டிக்கொண்டிருந்தேன்,
பட்டையை இறுக்கும் மும்முரத்தில் பார்க்காதவள்போல.

அடுத்த சனிக்கிழமை ஏழாம் தேதி.
சண்டை போட்டவனே அவன்தான்.
தெரியாமல் இருக்காது.