பக்கத்துக்கு இருபது ரூபாய்

மஞ்சக்குப்பத்தில், கலெக்டர் ஆபீஸ் எதிர்ச்சாரியில்
ஜெராக்ஸ் மெஷினுக்கும் லேமினேஷன் மெஷினுக்கும் நடுவே
என் நாற்காலி.
தமிழில் சொல்வார்கள், இங்கிலீஷில் அடிப்பேன்,
பக்கத்துக்கு இருபது ரூபாய்.

புயலுக்கு ஒன்பதாம் நாள்
சோனாங்குப்பத்திலிருந்து தேசிங்கு வந்தார்.
கைலி ஓரத்தில் காய்ந்த சேறு.
"படகும் போச்சு, எஞ்சினும் போச்சு, வலையும் போச்சு.
அப்படியே எழுதும்மா."

வரிசை வாசல் தாண்டி, டீக்கடை தாண்டி நின்றது.
கரண்ட் வந்தால் போவதற்கே வந்தது.
அவசரத்தில் அடித்தேன்:
போட் எஞ்சின் நெட் லாஸ்ட்.
வாங்கி, கையெழுத்துப் போட்டார் தமிழில்,
ஒவ்வொரு எழுத்தாக,
'ங்' மேல் புள்ளி வைக்க மறக்காமல்.

நாலு மாதம் கழித்து ஆர்டர் வந்தது.
படகு எஞ்சின், ஒன்று.
வலை, ஒன்று.
அவ்வளவுதான்.
பதினெட்டு வருஷம் கடல் பார்த்த படகு
எஞ்சினுக்கு அடைமொழி ஆகிவிட்டது.
எந்த எஞ்சின்? படகு எஞ்சின்.
அலை ஒருமுறை கொண்டுபோனதை
இரண்டாம் முறை கொண்டுபோனது நான்.

அவர் சொன்னதில் பிசகே இல்லை.
படகும் எஞ்சினும் வலையும்.
ஒவ்வொன்றின் வாலிலும் ஓர் 'உம்',
இழுத்துக் கட்டிய முடிச்சு.
ஒன்று அவிழ்ந்தாலும் நாக்குக்குத் தெரிந்துவிடும்.
இங்கிலீஷில் அந்த முடிச்சு
பொருளோடு ஒட்டுவதில்லை.
வெளியே தனியாகக் கிடக்கும் கருவாட்டுத் துணுக்கு,
காக்கா கொத்திப் போனாலும்
வாக்கியம் கத்தாது.

ஸ்கூலில் என்னைத் திருத்தியதெல்லாம் வேறே.
'ஹீ கோ' என்றால் பெஞ்சே சிரிக்கும்.
'தி' விட்டால் அரை மார்க்.
'இட்ஸ்' எழுதும்போது தலைக்கு மேல்
கொக்கி உண்டா இல்லையா என்று
இன்றைக்கும் ஒரு நொடி விரல் நிற்கும்.
பக்கத்து ஸ்டூடியோ போர்டில்
போட்டோவுக்கும் 'ஸ்'ஸுக்கும் நடுவே
வேண்டாத கொக்கி ஒன்று
பத்து வருஷமாக அந்தரத்தில் தொங்குகிறது.
அதனால் யார் வீட்டிலும் அடுப்பு அணையவில்லை.
சிரிக்க வைக்கிற தப்பு வேறு,
சோற்றில் கை வைக்கிற தப்பு வேறு.
எந்தக் கிராமர் புத்தகமும்
இரண்டையும் பிரித்து அச்சடிக்கவில்லை.

தேசிங்கு கத்தவில்லை.
கவரைப் பிரித்து மேஜையில் வைத்தார்.
"எங்கம்மா விட்டுச்சு?"
காட்டினேன்.
போட். எஞ்சின். நடுவில் கொஞ்சம் வெள்ளை.
அதன்மேல் கட்டைவிரல் நகத்தை வைத்துப் பார்த்தார்.
"இங்கயா? இவ்ளோ எடத்துலயா?
எறா மீசகூட இதுல நுழையாதே."

அப்பீல் அடித்தேன்.
நம்பர் போட்டு, வரிக்கு ஒரு பொருள்.
படகுக்கு ஒரு வரி முழுசாக,
நீளம், பதிவு எண், நீலப் பெயிண்ட் என்பதுவரை.
காசு வேண்டாம் என்றேன்.
இருபது ரூபாயை ஸ்டேப்ளருக்கு அடியில் செருகிவிட்டுக் கேட்டார்:
"அந்த வாலுக்குத் தனிக் காசு உண்டா?"
இல்லைங்க.
"பின்ன ஏன் விட்ட?"

அப்பீல் இன்னும் செக்‌ஷனில்தான் இருக்கிறது.
அவர் யாருடைய படகிலோ கூலிக்குப் போகிறார்.

இப்போதெல்லாம் அடித்ததை
வாய்விட்டுப் படித்துக் காட்டித்தான் பிரிண்ட் கொடுக்கிறேன்.
ஒவ்வொரு கமாவிலும் நின்று, நின்று.
வரிசையில் முணுமுணுக்கிறார்கள்.
ஜெராக்ஸ் பக்கத்திலிருந்து நஸ்ரின் எட்டிப் பார்த்து,
"என்னடி, மூச்சு வாங்குதா?" என்கிறாள்.

ஆமாம், என்கிறேன்.