ஆறு வெற்றுச் சீட்டுகள்

மூவாயிரம் மீட்டர் உயரத்தில்
உருளைக்கிழங்கு வயலுக்கும் மேகத்துக்கும் நடுவே
எங்கள் பள்ளி.
ஒரே அறை, ஐந்து வகுப்பு, பதினொரு பிள்ளைகள்.
கொலம்பியா வரைபடத்தில் எங்களைத் தேடினால்
ஈ உட்கார்ந்துபோன புள்ளிதான் கிடைக்கும்.

குடிமையியல் பாடம்.
'தன் கருத்தைச் சொல்லக்
குழந்தைக்கு உரிமை உண்டு'
என்று பலகையில் எழுதிவிட்டு
'பேசாமல் பார்த்து எழுதுங்கள்' என்றேன்.
பேசாமல் எழுதினார்கள்.

வெள்ளிக்கிழமை தேர்தல்.
மாணவர் பிரதிநிதியாக நிற்பவர்கள் இருவர்.
யெசித் நீச்சல் குளம் தருவதாகச் சொன்னான்,
குழாய்த் தண்ணீரைத் தொட்டாலே விரல் விறைக்கும் ஊரில்.
தெய்சி, வாரம் மூன்று நாள் விடுமுறை.
ரப்பர் பூட்ஸ் வந்த அட்டைப்பெட்டியில்
துளை போட்டோம்.
இருவரையும் பிடிக்காவிட்டால்
ஒன்றும் எழுதாமல் போடலாம், அதுவும் வாக்குதான் என்று
சொல்லிக்கொடுத்தவள் நான்.

யெசித் மூன்று. தெய்சி இரண்டு.
வெற்றுச் சீட்டு ஆறு.

'யார் இப்படிப் போட்டது?'
என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.
'ரகசிய வாக்கு, டீச்சர்' என்றான்
தோற்றுப்போன யெசித்.

சரி, மறுதேர்தலுக்கு முன் சொல்லுங்கள்,
என்னதான் வேண்டும்?
வெகுநேரம் யாரும் வாய் திறக்கவில்லை.
அப்புறம் இரண்டாம் வகுப்பு பிரிஜித்
கம்பளியில் மூக்கைத் துடைத்துக்கொண்டு,
'கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை.'

பெண்கள் ஜோடியாகத்தான் போவார்களாம்.
ஒருத்தி வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்வாள்.
பிரிஜித் வகுப்பில் அவள் ஒருத்திதான்.
அதனால் உள்ளே உட்கார்ந்து பாடுவாளாம்,
ஆள் இருப்பது தெரியட்டும் என்று.

போன வருஷம் முழுக்கக் கேட்டேன் அந்தப் பாட்டை.
அவள் முன்னேற்ற அறிக்கையில்
'இசையில் நல்ல ஆர்வம்' என்று
என் கைப்படவே எழுதியிருக்கிறேன்.

சந்தையில் நானே வாங்கி வருகிறேன் என்றேன்.
ஓட்டுக்கு விடுங்கள் என்றார்கள்.
ஒன்பதுக்கு இரண்டு:
நகராட்சிக்குக் கடிதம்.
'நீங்கள் மாற்றலாகிப் போன பிறகு உடைந்தால்
யாரிடம் கேட்பது?' என்றாள் தெய்சி.
விடுமுறை கேட்ட அதே தெய்சி.

பதினொரு கையெழுத்து.
பிரிஜித்தின் பெயரே அரைப்பக்கம் தின்றது.
பால் லாரியில் போன கடிதத்துக்கு
இன்னும் பதில் இல்லை.

இப்போதெல்லாம் இடைவேளையில்
நான் போய்க் கதவைப் பிடித்துக்கொள்கிறேன்.
'நான்தான் நிற்கிறேன், பிரிஜித்.'
தெரியும் என்கிறாள்.
ஆனாலும் பாடுகிறாள்.

அறிக்கையில் அந்த வரியை
அடிக்கவா, விட்டுவிடவா?
அவளைத்தான் கேட்க வேண்டும்.