ஏழாம் நாள்

லேனா ஆற்றின் இரு கரைக்கும்
வரைபடத்தில் ஒரே சிவப்பு.
உயரழுத்தம் வந்து உட்கார்ந்துவிட்டது,
செருப்பைத் தேடவே தோன்றாத விருந்தாளி.
முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று, முப்பத்துமூன்று:
ஆறாம் நாள்வரை துணிந்து சொல்வேன்.
அதற்கப்பால் கணினி மாதிரிகளுக்குள்
பேச்சுவார்த்தை இல்லை.

தம்பி உய்பான் அழைத்தான்.
"புல் அறுத்துப் போட்டாச்சு அக்கா.
நனையாமல் நாலு நாள் காய்ந்தால் போதும்.
பனிக்காலம் முழுக்க மாடுகளுக்கு அதுதான்."

மகள் துயாரா அழைப்பதில்லை.
வில்யூய் காட்டில் தீக்கு முன்னால்
பள்ளம் வெட்டிக்கொண்டிருக்கிறாள்.
நேற்று ஒரு குறுஞ்செய்தி:
"அம்மா, மேற்கே தெரிவது மேகமா?"
செயற்கைக்கோள் படத்தில் பார்த்தேன்.
புகை.
இன்னும் பதில் அனுப்பவில்லை.

இரவு பதினொன்றுக்கும் வெளிச்சம்.
ஜன்னலில் அலுமினியத் தாள் ஒட்டிக்கொண்டு
கடைசி வரியை அடித்தேன்:
ஏழாம் நாள், மேற்கு மாவட்டங்களில்
மழைக்கு நாற்பது சதவீதம் வாய்ப்பு.

மாதிரி சொன்னது முப்பத்தைந்து.
மிச்ச ஐந்து
நான் பெற்றது.

அழித்தேன். முப்பத்தைந்து என்றே அனுப்பினேன்.
பிறகு உய்பானைக் கூப்பிட்டு,
ஆறாம் நாள் இருட்டுவதற்குள்
போரைக் குவித்துவிடு என்றேன்.
"இப்போது எங்கே அக்கா இருட்டுகிறது?"
என்று சிரித்தான்.