நாலு ஐம்பது வெயில்

அம்மாபேட்டையில் கேபிள் கடையை மூடியவர்
எட்டடி வலைத்தட்டை எடைக்குப் போட்டார்.
கிலோ நாற்பத்திரண்டு. நான் பேரம் பேசவில்லை.
நட்டுக்கும் காசு வாங்கினார்,
துருவுக்கும்.

இருபது கொண்டை ஊசி வளைவுகளையும்
குட்டியானை வண்டியின் முதுகில்
மல்லாந்து கிடந்தபடியே ஏறி வந்தது.
பதினான்காவதில் ஒரு குரங்கு குதித்து
நட்டநடுவில் போய் உட்கார்ந்துகொண்டது.
"சிக்னல் கெடச்சிருச்சு சார்" என்றார் டிரைவர்.

நாகலூருக்கு மேலே ஒன்றேமுக்கால் ஏக்கர்.
காப்பி. காப்பிக்கு மேலே சில்வர் ஓக்.
ஓக்கைக் கட்டிக்கொண்டு மிளகு.
அதற்கும் மேலே, கிழிந்த குடைக்குள்ளிருந்து பார்ப்பதுபோல
கொஞ்சம் வானம்.

எனக்கு வேண்டியதோ மேற்கே தாழ்ந்து நிற்கிற ஒன்று,
ஆப்பிரிக்காவுக்கு நேர் மேலே.
இங்கிருந்து இருபத்துமூன்று டிகிரி.
தெரியாத மொழியில் யாரோ
மீன் விலையும் காற்றின் வேகமும் சொல்வார்களாம்.
"எதுக்குண்ணா?" என்றாள் ஃபோனில் தங்கை.
முப்பது வருஷம் மோட்டார் காயில் சுற்றியவன் நான்.
செம்புக்கம்பி என்னிடம் பேசியதில்லை.
அதைச் சொல்லியிருக்கலாம்.
"சும்மாதான்" என்றேன்.

வீட்டை ஒட்டிக் குழி வெட்டி
மூன்று அங்குலக் குழாயை நட்டேன்.
மீட்டர் கொசுபோல முனகியது.
சுழியம்.
ஒரு முடி வடக்கே. சுழியம்.
ஒரு முடி தெற்கே. சுழியம்.
எதிரே இலைகள்,
இலைக்கு ஒரு சொட்டு மூடுபனி.
முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் வறண்டு வந்தது
கடைசி நாற்பது அடியில் நனைந்து செத்தது.

மர வியாபாரி கேள்விப்பட்டு வந்தார்.
"மூணு மரம் சாஞ்சா ஆகாசம் உங்களுது."
அந்த மரங்களில் ஏறியிருக்கிற மிளகு
இந்த வருஷம் மாராயியின் குத்தகை.
அவர் சொன்ன கணக்கில்
ஆகாசம் ரொம்ப மலிவாக இருந்தது.
அதுதான் பயமாகவும் இருந்தது.

பிறகு நோட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
மார்ச் முதல் வாரம், மாலை நாலு ஐம்பதுக்கு
சூரியன் அந்தக் கோளின் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும்.
அப்போது தரையில் எங்கே வெயில் விழுகிறதோ
அங்கே வழி திறந்திருக்கிறது.

நாலரைக்கே சுண்ணாம்பு டப்பாவோடு இறங்கினேன்.
நிழல். நிழல். அட்டை கடித்தது. நிழல்.
பாறைச் சரிவுக்குக் கீழே
ஒரு பாய் அகலத்துக்கு வெயில்.
அதில் பாயே விரித்திருந்தது.
மிளகு. பக்கத்தில் மாராயி.

"இந்த மாசம் இந்நேரத்துக்கு இங்கதானுங்க வரும்.
போன மாசம் அந்தப் பலாவடியில."
நான் நோட்டை மூடினேன்.
குழி இங்கே வெட்ட வேண்டும் என்றேன்.
அவள் என்னைப் பார்க்கவில்லை, டப்பாவைப் பார்த்தாள்.
"தட்டோட நெழலு எந்தப் பக்கம் விழும்?"
அதை மட்டும் நான் கணக்குப் போடவில்லை.
யோசித்து, "கெழக்கால" என்றேன்.
"அப்ப நான் மேக்கால தள்ளிக்கறேன்.
மிதிக்காம சுத்திப் போங்க."

ஐந்தாம் நாள், சிமெண்ட் முழுசாக இறுகும் முன்பே ஏற்றினேன்.
மூன்றேகாலுக்குக் கொசு அலறியது.
ஐம்பத்தெட்டு சதவீதம்.
நீலச் சட்டைக்காரி ஒருத்தி, பின்னால் ஒரு கடற்கரை வரைபடம்.
அவள் தும்மினாள்.
ஏதோ சொல்லிச் சிரித்தாள்.
நானும் சிரித்திருக்கிறேன், எதற்கென்று தெரியாமல்.

நாலு ஐம்பதுக்கு முகம் சதுரம் சதுரமாக உடைந்து
திரை வெறும் கறுப்பு.
வெளியே ஓடினேன்.
எல்.என்.பி.யின் நிழல்
தட்டின் நட்டநடுவில், குரங்கு உட்கார்ந்த அதே இடத்தில்.
எதிரே மாராயி காலால் மிளகைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

"போயிருச்சுங்களா?"
"எட்டு நிமிஷம் வராது. வெயில் மறைக்குது."
"வெயிலு மறைக்குமா!"
ஒரு மிளகை எடுத்துக் கடித்துப் பார்த்தாள்.
"இங்க நல்லாத்தான் காயுது."

பாயைச் சுற்றிக்கொண்டு போய்
ஒரு நட்டை இறுக்கினேன்.
அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது.