பின்னர் அறிவிக்கப்படும்

தலைமையகம் அனுப்பிய வரைபடத்தில்
ஜெர்மனிக்குப் பச்சை. ஒக்டோபர் நாலு.
பிரான்ஸுக்கு மஞ்சள், நத்தாருக்கு முன்.
இரண்டுக்கும் பக்கத்தில் எங்களுக்குச் சாம்பல்.
சாம்பலுக்குக் கீழே பொடி எழுத்தில்
பின்னர் அறிவிக்கப்படும்.

பாசல், கிளாராபிளாட்ஸ் கடை, மூன்றாம் தட்டு.
வராத பெட்டிக்கு இடம் ஒதுக்கி
நாள்தோறும் தூசு துடைக்கிறேன்.
சவர்க்காரக் கட்டியளவுதான்.
தொலைக்காட்சியின் முதுகில் செருகினால்
படம் ஓடும், பந்து உருளும்,
கார்கள் மோதித் தீப்பிடிக்கும்.
நாற்பத்தொன்பது யூரோ.
பெரியது வாங்க ஏலாதவர்களை நினைத்து
யாரோ இரக்கப்பட்டு எழுதியதுபோல ஒரு விலை.

ஏன் எங்களுக்கு இல்லை என்று
மேலாளர் பெயாட்டைக் கேட்டேன்.
சின்ன நாடு, நாலு மொழி,
பட உரிமை வேறு, வரி வேறு,
சுவரில் இருக்கிற துளைகூட வேறு என்றான்,
குடும்பப் பெருமை சொல்கிற குரலில்.

வெள்ளிதோறும் ஃபில்மொன் வருவான்.
எரித்திரியன். வெதுப்பகத்தில் இரவு வேலை.
காதோரத்தில் எப்போதும் கொஞ்சம் மாவு.
வந்ததா?
இல்லை.
எட்டாம் இலக்க டிராமில் ஏறினால்
இருபது நிமிடம்தான்,
எல்லைக்கு அப்பால் அடுக்கி வைத்திருக்கிறார்கள் என்றேன் ஒருநாள்.
சம்பளம் தருகிற கடைக்குத் துரோகம்.

அவன் பணப்பையைத் திறந்து அட்டையைக் காட்டினான்.
எஃப்.
தற்காலிகமாக உள்ளே விடப்பட்டவர்.
பதினொரு வருடத் தற்காலிகம்.
எட்டாம் இலக்கம் அவனுக்கு
எல்லைக்கு முந்தின தரிப்போடு முடிகிறது.
மகள் வின்ட்டா முன்பெல்லாம் கேட்பாளாம்,
டிராம் போகுதே, நாங்கள் ஏன் இறங்குகிறோம்?
இப்போது மணியை அவளே அழுத்துகிறாளாம்.

எனக்கும் அந்த எழுத்து இருந்தது.
ஏழு வருடம்.
அதைப்பற்றி அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை.

சனி மதியம் போனேன்.
டிராம் நிறைய வெற்றுப் பைகள்,
இறைச்சிக்கும் சலவைத்தூளுக்கும் போகிற சனம்.
திரும்பி வருகையில் எல்லார் கையிலும்
வரியை மீட்கிற பச்சைத்தாள்.
எனக்கு இல்லை. ஐம்பதைத் தாண்டினால்தான் முத்திரை.
சுங்கக்காரர் ஒரு கிழவரின்
பாலாடைக்கட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.
என்னைப் பார்க்கவேயில்லை.

நாலாம் மாடி. மின்தூக்கி பழுது.
செருகி சுவர்த்துளையில் சுலபமாகப் போயிற்று,
பெயாட்டுக்காகச் சின்ன ஏமாற்றம்.
பெட்டி விழித்து முதல் கேள்வி கேட்டது:
உங்கள் நாடு எது?
பட்டியலில் சுவிஸ் இல்லை.
எரித்திரியா இல்லை.
இலங்கையைத் தேடவில்லை என்றால் பொய் சொல்கிறேன்.
நாங்கள் இருவரும் திரையைப் பார்த்தபடி நிற்க,
வின்ட்டா ஜெர்மனியில் அழுத்திவிட்டுக்
காருக்கு நிறம் தேடத் தொடங்கினாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டுத் திரையில்
பெர்லினில் மழை,
கீல் துறைமுகத்தில் காற்று,
போகமுடியாத கடைகளில் முட்டை மலிவு.
தொலைக்காட்சிக்கு என்னைவிட நல்ல அனுமதி
கிடைத்திருக்கிறது என்றான் ஃபில்மொன்.
சிரித்தான். நானும்,
கொஞ்சம் பிந்தி.

மார்ச்சில் சாம்பல் பச்சையாயிற்று.
நாற்பது பெட்டிகள் வந்திறங்கின,
அறுபத்தொன்பது பிராங்க் விலையோடு.
பெயாட் கோபுரம் கட்டினான்,
ஒன்றை எடுத்தால் எல்லாம் சரிகிற மாதிரி.

வெள்ளிக்கிழமை ஃபில்மொன் கேட்டான்,
இனி நாட்டை மாற்றலாமா?
கையேட்டைப் புரட்டினேன்.
ஒருமுறை மட்டும் மாற்றலாம்.
மாற்றினால் விளையாட்டில் சேர்த்ததெல்லாம் அழியும்.
வின்ட்டா நாற்பத்தியோராவது கட்டத்தில் நிற்கிறாள்.

கோபுரத்தைச் சுற்றி ஒருதரம் நடந்தான்.
அவளைக் கேட்டுச் சொல்கிறேன் என்றான்.
இரண்டு பேர் விளையாட
இன்னொரு கைப்பிடி மட்டும் வாங்கினான்.
பற்றுச்சீட்டை மடித்துக் கொடுத்தேன்.
அடியில், வழக்கமான வரி:
உத்தரவாதம் இரண்டு வருடம்,
சுவிட்சர்லாந்துக்குள் மட்டும் செல்லும்.